ரேணிகுண்டாவுக்கு ஒரு தனி விமானம்

இன்று காலை சென்னை விமான நிலையத்தில் என் வலித் தைலப் புட்டியைச் சோதனைக்காரர் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுக் குப்பைக் கூடையில் போட்டார். அந்த வாடைக்கு நீ பக்கத்தில் வந்து நின்றதுபோல் இருந்தது. நம் கபடி அணி எங்கே கிளம்பியது தெரியுமா? ரேணிகுண்டாவுக்கு. காலை ரயிலில் ஏறினால் பசி எடுப்பதற்குள் இறங்கிவிடலாம். அதற்குத் தனி விமானம், சுற்றுச்சூழலைக் காக்க மரக்கன்று நடவாம்.

மாவட்ட அணியில் இருந்தபோது நமக்கு ரயில்தான். ஆட்டத்துக்கு முன் எடை பார்ப்பார்கள், நீ எப்போதும் வரம்புக்குக் கொஞ்சம் கூடுதல். இந்த ரேணிகுண்டா ஜங்ஷனில் வண்டி நிற்கும்போதெல்லாம் இரண்டு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு பிளாட்பாரத்தில் ஓடி வியர்வை எடுப்பாய். "வண்டி பூடும் நைனா, ஏறு!" என்று டீக்காரர் கத்துவார்.

பிறகு லீக் வந்தது, நம்மை விலைக்கு எடுத்தார்கள், பக்கத்து ஊருக்கும் விமானம் என்றாகிவிட்டது. நாங்கள் ஜன்னலோர இருக்கைக்குச் சண்டை போட்டோம். ராமகுப்பத்தில் பட்டுப்புழு வளர்க்கும் வீட்டுப் பிள்ளை நீ மட்டும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாய்.

"வெயிலு தாங்காம புழுவெல்லாம் தட்டுலயே செத்துக்கினு கீதுடா. பிளேன் பொகை இன்னும் சூட்ட ஏத்துது. கிட்டத்துல கீற ஊருக்கு ரயில்ல போனா இன்னா கெட்டுப்பூடும்?"

மனு எழுதினாய். எல்லோரும் கையெழுத்துப் போடுவதாகத் தலையாட்டினோம். என் முறை வந்தபோது, "அப்புறம் போடறேன்" என்று பேனாவைக் கீழே வைத்தேன். என்னைப் பார்த்து மற்றவர்களும் நழுவினார்கள். உன் ஒற்றைக் கையெழுத்தோடு மேலாளர் அறைக்குள் போனாய்.

"ரயில்ல போனா ஸ்பான்சர் நம்மள என்னன்னு நெனைப்பான்?" என்று மேலாளர் மனுவைத் திருப்பித் தந்துவிட்டார். அதை என் கையில் திணித்தாய். "நீயே வெச்சுக்க. அப்புறம் போடறேன்னியே."

அடுத்த ஆண்டு ஒப்பந்தம் உனக்கு மட்டும் வரவில்லை. ஊரில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. உன் சாவுக்கும் நான் விமானத்தில்தான் வந்தேன். திட்டுவதற்கு நீ இல்லை.

இன்று ரேணிகுண்டாவில் இறங்கியதும் அதே மேலாளர் மைக்கைப் பிடித்து, பூமி சூடாகிறது என்று பேசினார். கை தட்டினார்கள். நட்ட கன்றுக்குத் தண்ணீர்கூட ஊற்றாமல் திரும்பும் விமானத்துக்கு ஓடினார்கள். நான் ஏறவில்லை.

ரேணிகுண்டா பிளாட்பாரத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இத்தனை வருடம் பையிலேயே கிடந்த உன் மனு மடிப்பில் கிழிந்திருக்கிறது. என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க நாளை மேலாளர் கூப்பிட்டிருக்கிறார். இதைத்தான் அவர் மேசையில் வைக்கப் போகிறேன். உன் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டேன்டா.