தூக்கக் கூடாது என்றார்கள்

மக்கா, இன்று மீன் ஏலக்கூடத்தில் ஒருத்திக்குக் கை கிழிந்துவிட்டது. யாரோ பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து வைத்தார்கள். அந்த வாசம் வந்ததும் கூடையைப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் விடாமல் போய்க்கொண்டிருந்தன. சாலையைத் தாண்டவும் முடியவில்லை, உள்ளே திரும்பிப் போகவும் முடியவில்லை.

உன்னை வேன் இடித்த அன்று ஆஸ்பத்திரியில் இதே வாசம்தான். ஆட்டோவில் நீ பேசிக்கொண்டேதான் வந்தாய். பேசுகிற பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். நர்ஸ் கத்தரியால் உன் சட்டையை வெட்டினாள். "யக்கா, வெட்டாதீய. புதுச்சட்ட, எங்கம்மா அடிப்பா" என்றாய்.

"அடிச்சா எங்கிட்டச் சொல்லுலே, நான் கேக்கேன்" என்றாள் அவள்.

பிறகு என்னைத் தலைமாட்டில் நிறுத்தினாள். "ரெண்டு கையாலயும் தலையப் பிடிச்சுக்கோங்க. கழுத்துல அடி இருக்கான்னு தெரியல, அசையப்பிடாது. ஒங்க முகத்தப் பாத்துக்கிட்டுக் கெடந்தா அடங்கிக் கெடப்பான்."

பிடித்தேன். நீ மேலே பார்த்து, "அம்மா, ஒம்மூஞ்சி தலகீழா இருக்கு" என்றாய். டாக்டர் உன் வயிற்றில் கருவி வைத்துப் பார்த்தார். இரண்டு கையிலும் ஊசி ஏற்றினார்கள். மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க் போட்டார்கள். அதற்குள்ளிருந்து கேட்டாய்: "தூக்கும்மா."

"இப்பம் தூக்கப்பிடாது மக்கா."

"தூக்கு. வீட்டுக்குப் போவோம்."

ஒண்ணாம் வகுப்புக்குப் போன பிறகும் நீ கேட்டு நான் தூக்காமல் இருந்ததில்லை. தலையில் கூடை இருந்தாலும் இடுப்பில் உனக்கு இடம் இருந்தது. அன்று என் கண்ணீர் உன் நெற்றியில் விழுந்தது. துடைக்கக் கை இல்லை.

மறுபடி கேட்டாய். பிறகு கேட்கவில்லை. வலி அடங்கித் தூங்குகிறாய் என்று நினைத்தேன். "ஏலே, கண்ணத் தொற! ஏலே!" என்று நர்ஸ் கத்தினாள். ஒருத்தர் என் கைக்கு அடியில் தன் கையைக் கொடுத்து உன் தலையை வாங்கிக்கொண்டார். என்னைச் சுவரோரம் தள்ளி நிறுத்தினார்கள். பையை அழுத்தி மூச்சுக் கொடுத்தார்கள், ரத்தம் ஏற்றினார்கள், நெஞ்சை அமுக்கினார்கள். யாரும் சும்மா நிற்கவில்லை. அதை நான் பார்த்தேன்.

கடைசியில் அந்த நர்ஸ்தான் வந்து, "இப்பம் தூக்கிக்கோங்கம்மா" என்றாள்.

அடி முழுக்க வயிற்றுக்குள், கழுத்தில் ஒன்றுமே இல்லை என்று டாக்டர் பிறகு சொன்னார்.

"அப்பம் தூக்கியிருக்கலாமா சார்?"

"அது அந்த நேரத்துல யாருக்கும் தெரியாதேம்மா. நீங்க பிடிச்சது சரிதான்."

உன் அப்பாவும் அதையேதான் சொல்கிறார். தப்புச் செய்தவள் உன்னிடம் மன்னிப்பாவது கேட்கலாம். சரியாகச் செய்தவளுக்கு அதற்கும் வழி இல்லை மக்கா. நாளைக்கே அந்த அறையில் என்னை மறுபடி நிறுத்தினாலும், அசையாமல் பிடித்துக்கொண்டுதான் நிற்பேன். நீயும் கேட்டுக்கொண்டுதான் இருப்பாய்.