கழுத்து முறிந்த தளபதி

அன்புள்ள நைனாவுக்கு மோகனப்ரியாவின் வணக்கம். முழங்கால் வலி தேவலையா? திருப்பதியில் நான் நலம்.

ஞாயிறன்று அறைத்தோழி கன்னிகாவோடு மேசைமேல் பொம்மைப் படைகளை நிறுத்தி, பழங்கால ராஜாக்களின் போர் விளையாட்டு ஆடினேன். பகடையில் ஒன்று விழுந்தால், அடிபட்ட என் யானை மிரண்டு என் படையையே மிதித்துவிடும். ஒன்றுதான் விழுந்தது. அவள் சிரித்தாள். நான் கோபத்தில் மேசையைத் தட்டியதில், அவள் வாரக்கணக்கில் வண்ணம் தீட்டிய தளபதி பொம்மை விழுந்து கழுத்து முறிந்தது. அதன்பிறகு அவள் பேசவே இல்லை. இந்த ஊரில் அவளை விட்டால் எனக்கு யாருமில்லை, நைனா. பசை வைத்து ஒட்டினேன். தலை கோணிக்கொண்டது. அதைக் கையில் எடுத்துப் பார்த்தவள், "இனிமே இவன் உன்னையே மொறைச்சிக்கினு இருப்பான். வா, துன்னலாம்" என்றாள்.

வேர்க்கடலை வறுத்து அனுப்பினால் இரண்டு பேருக்காக அனுப்புங்கள். கம்பெனி பஸ் வந்துவிட்டது.

மோகனா