நூற்றில் நின்ற சக்கரம்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில், நான் வேலை செய்கிற ஃபேன் ரிப்பேர் கடையில், இன்று ஒரு மேசை ஃபேனை ஓட்டிப் பார்த்தேன். டியூப் லைட் வெளிச்சத்தில் அதன் இறக்கைகள் சுற்றாமல் நிற்பது போலத் தெரிந்தன. முதலாளி கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை. நாம் கெம்பஸில் இருந்த அந்தப் பின்னேரம் கண்முன் வந்து நின்றது, மச்சான்.

பேராதனை லேப். லேசர் ஒளியை வெட்டி வெட்டி அனுப்பும் பல்லுச் சக்கரம், சொப்பர். அந்த வெட்டின் வேகத்தில் வருவதை மட்டும் பொறுக்கியெடுத்து எண்ணாகக் காட்டும் லொக்-இன் அம்ப்ளிஃபையர். நாம் கண்ணாடியில் பூசிய படலத்தைத் தாண்டி வரும் இம்மியளவு ஒளியை அதில் பிடிக்க வேண்டும். நாலு மணிக்கு, ப்ராஜெக்டைப் பார்க்கிற மேடம் வருவார். நான் லேபுக்கு வராத நாட்கள் அதிகம்; அன்று காட்டாவிட்டால் என் ப்ராஜெக்ட் ரத்து. நீ வேறு யாரோடாவது சேர்ந்திருக்கலாம். சேரவில்லை.

மூன்றரை வரை எண் அசையவே இல்லை. பொறுமை போய், சொப்பரைத் திருகி நூறு ஹெர்ட்ஸில், விநாடிக்கு நூறு வெட்டில், வைத்தேன். எண் குதித்தது.

"மச்சான், வந்திருச்சுடா!"

நீ எண்ணைப் பார்க்கவில்லை. சக்கரத்தையே பார்த்தாய்.

"ஏன்டா அது நிக்கிற மாதிரி தெரியுது?"

"நின்னுட்டுப் போகுது. நீ எழுது."

"கைய வெச்சு மறைச்சுப் பாரு."

"கிறுக்காடா ஒனக்கு? அரை மணிநேரந்தான் இருக்கு."

நீயே லேசரின் குறுக்கே கையை வைத்தாய். லேசர் மறைந்தும் எண் விழவில்லை. எழுந்து போய் டியூப் லைட்டை அணைத்தாய். எண் விழுந்துவிட்டது. அந்த லைட்டும் விநாடிக்கு நூறு தடவைதான் மினுங்குகிறது. நாம் பிடித்தது அதை.

"இதையே காட்டுவோம். அவங்களுக்குத் தெரியவா போகுது?"

"அப்ப என் பேர வெட்டிட்டுக் காட்டு."

உன் சட்டையைப் பிடித்தேன். "விடுடா, நேரம் போகுது" என்றாய், அவ்வளவுதான். இருட்டிலேயே வேகத்தை, லைட்டோடு ஒத்துப்போகாத நூற்று முப்பத்தேழுக்கு மாற்றினாய். நான் லென்ஸை மயிரிழை மயிரிழையாகத் தள்ளினேன். நாலுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது ஒரு சின்ன எண் வந்தது. கை வைத்தாய், விழுந்தது. எடுத்தாய், எழுந்தது.

மேடம் வந்ததும் கையிலிருந்த ஃபைலை நேரே லேசரின் குறுக்கே நீட்டினார். எண் விழுந்தது. "ம், சரி" என்றார். பழைய எண்ணைக் காட்டியிருந்தால் அங்கேயே மாட்டியிருப்பேன். நீ ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை.

அடுத்த வருடம் கெம்பஸை விட்டேன். "எனக்குப் படிப்பு சரிவராதுடா" என்று பஸ் ஸ்டாண்டில் சொன்னபோது நீ கேட்டது ஒன்றுதான்.

"கைய வெச்சுப் பாத்தியா?"

"பாத்தேன்" என்றேன். பொய். ஹுன்னஸ்கிரிய பஸ் வந்தது, ஏறிப் போனாய். பிறகு உனக்கு டெங்கு. ஐந்தே நாளில் முடிந்தது.

இப்போது எந்த ஃபேனைத் திருத்தினாலும், டியூப் லைட்டை அணைத்துவிட்டுத்தான் சரி என்று சொல்கிறேன். முதலாளிக்கு எரிச்சல். படிப்பு சரிவராது என்று உன்னிடம் சொன்ன அந்தக் காரணத்தின் மேல் மட்டும் இன்னும் கை வைத்துப் பார்க்கவில்லை. பயம்.

மறைத்தால் எண் விழ வேண்டும். விழுந்தால்தான் அது உண்மை. நீ மறைந்து ஏழு மாதம். என் எண் விழுந்துதான் கிடக்கிறது, மச்சான்.