நான் போகாத சனிக்கிழமைகள்

மூன்று வாரங்களுக்கு முன்னால் அக்குறணைக் கிளையில் பழைய கம்ப்யூட்டர் சேர்வரைக் கழற்றி மேசையில் வைத்து மூடியைத் திறந்தேன். ஏழு வருடத் தூசி முகத்தில் அடிக்கும் என்று மூக்கைப் பொத்திக்கொண்டுதான் திறந்தேன். உள்ளே தூசியே இல்லை. கழுவிக் கவிழ்த்த கோப்பை மாதிரி இருந்தது. காற்றாடிப் பக்கமிருந்து தையல் மெஷின் எண்ணெய் வாசனை வந்தது. சத்தம் போடும் காற்றாடிக்கு அந்த எண்ணெயில் ஒரு சொட்டு விடுகிற ஆள் நம் கம்பனியில் நீ ஒருத்திதான். மடவளையில் உன் கணவருடைய தையல் கடையிலிருந்து சின்னப் போத்தலில் எடுத்து வந்து எந்நேரமும் கைப்பையில் வைத்திருப்பாய்.

அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இதை எழுத உட்கார்ந்த பிறகும் இரண்டு தரம் எழுந்துவிட்டேன். ஆறு இடங்களிலும் புது சேர்வர்கள் ஓடுகின்றனவா என்று போனைப் பார்க்கிறேன். ஆறும் பச்சை. போனைக் கவிழ்த்து வைக்கிறேன், மறுபடி எடுக்கிறேன்.

நாம் இரண்டு பேரும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். இரத்தம் பரிசோதிக்கிற கம்பனி. கண்டியில் தலைமைக் காரியாலயம், சுற்றிவர ஐந்து கிளைகள். மழை பெய்தால் லைன் அறுந்துபோகிற ஊர்கள் என்பதால் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு சேர்வர், கண்டியில் ஒன்று. நோயாளியின் ரிப்போர்ட் முதலில் அதில் பதிந்து, பிறகுதான் கண்டிக்கு வரும். அந்தச் சேர்வர்களை முதன்முதலில் பூட்டி ஓட வைத்ததும் நாம்தான். கம்பளையில் கூரைக்குள் ஏறிக் கேபிள் இழுத்த நாள் நினைவிருக்கிறதா? கிளைப் பொறுப்பாளர் கீழே நின்று, “கம்ப்யூட்டர் பாக்குற ஐயா எப்ப வருவார்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒட்டடையோடு நீ தலையை வெளியே நீட்டி, “ஐயா வந்து ரெண்டு மணித்தியாலம். மேல ஈக்கிறாரு” என்றாய். நான் கூரைக்குள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

சேர்வர் பெட்டிகளுக்கு வயதானது. ஒரு கிளையில் டிஸ்க் போகும், இன்னொன்றில் சூடேறி நிற்கும். நீதான் மூன்று மாதம் உட்கார்ந்து அறிக்கை எழுதினாய்: ஆறையும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் ஒருநாள் யாரோ ஒருவருடைய ரிப்போர்ட் இல்லாமல் போகும். அந்தக் கூட்டத்துக்கு நாம் இருவரும் போனோம். பொது முகாமையாளர் உன் அறிக்கையைப் புரட்டிவிட்டு உன்னைக் கேட்கவில்லை. என்னைப் பார்த்து, “இன்னும் ரெண்டு வருஷம் தாங்குமா?” என்று கேட்டார். நம் பிரிவுக்கு என்னைத் தலைவியாகப் போடப் போவதாக அதற்கு முந்திய வாரம்தான் அவர் சொல்லியிருந்தார். உனக்கு அது தெரியாது.

“தாங்கும் சேர்” என்றேன்.

குட்ஷெட் பஸ் நிலையம்வரை நீ எனக்கு முன்னால் நடந்தாய். மடவளை பஸ் வந்து நின்றது. படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பி, “எதப் பாத்து புள்ள அப்புடி சொன்ன?” என்று கேட்டாய். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது போலக் கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் எடுத்துவிட்டது.

அதற்குப் பிறகு நமக்குள் வேலைப் பேச்சு மட்டும்தான். எனக்குத் தனி அறை கிடைத்தது. கூட்டங்கள், கடிதங்கள். கேபிளைத் தொட்டே பல மாதமானது. ஒருநாள் அறை வாசலில் வந்து நின்று, “சனிக்கெழம வேல ஈக்கா?” என்று கேட்டாய். சொந்தத்தில் ஒரு கல்யாணம் இருப்பதாகச் சொன்னேன். அப்படி ஒரு கல்யாணம் இருக்கவில்லை. நீ பழைய கதையை எடுப்பாய் என்று பயந்தேன். “சரி, இன்னொரு நாளைக்கி” என்று போய்விட்டாய். இன்னொரு நாள் நீ கேட்கவில்லை.

நான் சொன்னது போலவே பெட்டிகள் தாங்கின. முதல் வருட முடிவில் முகாமையாளர் எல்லோர் முன்னாலும் என் கணிப்பு சரியாக இருந்ததென்று பாராட்டினார். கைதட்டினார்கள். நீ பின்வரிசையில் இருந்தாய். நீயும் தட்டினாய். உன்னைப் பார்த்துவிட்டு நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இரண்டு வருடம் முடிய மூன்று மாதம் இருந்தபோது உனக்கு டெங்கு வந்தது. செவ்வாய்க்கிழமை லீவுக்குச் செய்தி அனுப்பினாய். வெள்ளிக்கிழமை நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது உள்ளே விடவில்லை. கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் அரை மணித்தியாலம் நின்றுவிட்டு, நாளைக்கு வரலாம் என்று திரும்பினேன். மறுநாள் மடவளையில் உன் வீட்டில், பெண்கள் இருந்த அறையில், ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். யாரோ தேத்தண்ணி தந்தார்கள். என்னை யாரென்று கேட்டார்கள். கூட வேலை செய்தவள் என்றேன்.

நீ போன அடுத்த மாதம் கம்பளைச் சேர்வர் படுத்துவிட்டது. பிறகு பேராதனை. இரண்டு நாள் ரிப்போர்ட்டுகள் சிக்கிக்கொண்டன. இரத்தம் கொடுத்தவர்களை மறுபடி கூப்பிட்டு ஊசி குத்தி இரத்தம் எடுக்க வேண்டி வந்தது. அப்போதுதான் மேலிடம் ஆறையும் மாற்றச் சொன்னது. நீ இல்லாததால் கழற்றிப் பூட்ட நானே போனேன். இவ்வளவு நாள் ஒழுங்காக ஓடியவை ஏன் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன என்று எனக்கு விளங்கவில்லை. காலம் வந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டேன்.

அக்குறணைக்குப் பிறகு கட்டுகஸ்தோட்டை. அங்கே டிஸ்க்கின் மேல் வெள்ளை ஒட்டுத்தாள். அதில் உன் கையெழுத்தில், அதை மாற்றிய திகதி. தாங்கும் என்று நான் சொன்ன கூட்டம் முடிந்து ஐந்து மாதத்துக்குப் பிந்திய திகதி. அந்த மாதத்தில் உன்னை எந்தக் கிளைக்கும் அனுப்பியதாகப் பதிவு இல்லை. அனுப்பியிருந்தால் கையொப்பம் வைத்திருக்க வேண்டியவள் நான். பழைய பதிவுகளைத் தோண்டினேன். சில சனிக்கிழமைகளில், கிளை மூடிய பிறகு, சேர்வர் ஒரு மணித்தியாலம் நின்று மறுபடி எழும்பியிருக்கிறது. ஒவ்வொரு மாதமும் அந்த அறிக்கை என் மேசைக்கு வந்திருக்கிறது. கரன்ட் போயிருக்கும் என்று நினைத்துப் புரட்டிவிட்டிருக்கிறேன்.

கடைசியாக நான் மாற்றப் போனது கலஹா. கிளையைக் கூட்டித் துடைக்கிற ராணி அக்கா நான் பெட்டியைக் கழற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அந்த மிஸ் வரலீங்களா? முக்காடு போட்ட மிஸ்?”

“எந்த மிஸ் அக்கா?”

“ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா சனிக்கெழம வருவாங்களே. நான்தான் கதவத் தொறந்து குடுப்பேன். பொட்டியத் தொறந்து தொடச்சி, என்னமோ கழட்டி மாட்டிட்டுப் போவாங்க. ஒங்களுக்குத் தெரியாமலா வந்தாங்க?”

நீ இப்போது உயிரோடு இல்லையென்று சொன்னேன். அக்கா கூட்டுகிற தும்புத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். பிறகு, “கடைசியா வந்தப்ப இது இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான்னு சொன்னாங்க. பொட்டியச் சொல்றாங்கன்னு நெனச்சேன்” என்றார். பெட்டியைத்தான் சொல்லியிருப்பாய். ஆனாலும் கழற்றியதை அப்படியே வைத்துவிட்டேன். வெளியே வந்து பஸ் தரிப்பிடம்வரை போய்த் திரும்பி வந்துதான் மிச்ச வேலையைச் செய்தேன்.

நான் ஒரு பொய் சொன்னேன். அது பொய்யாகிவிடாமல் நீ காவலிருந்திருக்கிறாய். நோயாளிகளுக்காகச் செய்தாயா, நம் கையால் பூட்டிய பெட்டிகள் என்பதற்காகவா, எனக்காகவா? ஒவ்வொரு நாளும் ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டு எழும்புகிறேன். பின்னேரமாகும்போது அது கையில் நிற்பதில்லை. முகாமையாளரிடம் போய், தாங்கியது பெட்டியல்ல, தாங்க வைத்தது நீ என்று சொன்னேன். அன்று எனக்கு ஒன்றுமே தெரியாமல்தான் தாங்கும் என்றேன், அந்தக் கைதட்டல் எனக்குரியதல்ல என்றும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இப்ப எல்லாம் சரிதானே” என்றார். எனக்கு அது போதவில்லை.

போன ஞாயிறு மடவளைக்குப் போனேன். உன் கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்பதென்றுதான் பஸ் ஏறினேன். கடையை மூடிவிட்டு வீட்டில் இருந்தார். கதிரையை இழுத்துப் போட்டார். உங்கள் ஊர் வழக்கப்படி அண்ணா என்பதற்கு நானா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன்.

“நானா, அவங்க சனிக்கிழமைகள்ல கிளைகளுக்குப் போனது பத்தி...” என்று தொடங்கினேன்.

அவர் முகம் சட்டென்று மலர்ந்தது. “ஓ, நீங்க ரெண்டு பேரும் போற பயணம்தானே தங்கச்சி. தனியப் போறன்டா நான் விட்டீக்க மாட்டன். நீங்க கூடப் போறன்டு சொன்னதாலதான் எனக்கு நிம்மதி. வந்தா ஒரே ஒங்க கததான். ஒரு நாள் கலஹா போய் ரெண்டு பேரும் நல்லா நனஞ்சிட்டீங்க போல. ஒங்களுக்குத் தும்மலும் தடிமனுமாக்கிப் போட்டன்டு பெரிய கவலைல இருந்தா. அது பொறகு சொகமா?”

மனிதர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உன்னைப் பற்றிப் பேச ஒரு ஆள் கிடைத்த சந்தோஷம் அவர் கண்ணில் இருந்தது. நீ தனியாகத்தான் நனைந்தாய் என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்?

“ரெண்டு நாள்ல போயிருச்சு நானா” என்றேன்.

நோன்புப் பெருநாளைக்குக் கட்டாயம் வரச் சொல்லியிருக்கிறார். அப்போது நம் பயணங்களைப் பற்றி இன்னும் கேட்பார். நேற்று கம்பளைக்குப் போனேன். அங்கே வேலை ஒன்றும் இல்லை. நீ வந்தால் எந்தக் கடையில் சாப்பிடுவாய், எத்தனை மணி பஸ்ஸில் திரும்புவாய் என்று காவலாளியிடம் விசாரித்தேன். முட்டை ரொட்டி வாங்கிக்கொண்டு ஓடுவாயாம், மூன்றரை பஸ்ஸுக்கு. குறித்து வைத்துக்கொண்டேன். வருகிற சனிக்கிழமை பேராதனைக்குப் போகிறேன்.