பத்துக்கு எத்தனை

அடுத்த கட்டில்காரருக்கு யாரோ மட்டி வாழைப்பழம் கொண்டு வந்திருக்கிறார்கள். அந்த வாசனை வந்ததும் முகத்தைத் திருப்பிப் படுக்கப் பார்த்தேன். குடலிறக்கத்துக்கு அறுத்து இரண்டு நாள்தான் ஆகிறது, புரள முடியவில்லை. உன்னை நினைத்தபடியே கிடந்தேன்.

ஆறு வருடத்துக்கு முன், இதே நாகர்கோவிலில் வேறோர் ஆஸ்பத்திரியில், குடல் அடைப்புக்காக உன் வயிற்றைத் திறந்தார்கள். கூட்டாளி என்று துணைக்கு இருந்தவன் நான். எட்டாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்த தாளைக்கூட விடாமல் படிப்பவன். வலி ஊசி பழகிவிடும், குடலை மந்தமாக்கும் என்று அடித்துச் சொன்னேன். பத்துக்கு எத்தனை வலி என்று நர்ஸ் கேட்க வருமுன் உனக்குச் சொல்லியும் வைத்தேன்: "ரெண்டுன்னு சொல்லுலே. கூடச் சொன்னா ஊசியக் குத்திருவா."

நீ பல்லைக் கடித்துக்கொண்டு அவளிடம் சொன்னாய்: "கணக்குப் பரீட்சையிலயும் எனக்கு ரெண்டுதாம்மா."

அவள் சிரித்தபடி எழுதிக்கொண்டு போனாள். வலிக்குப் பயந்து நீ இருமவில்லை, மூச்சை இழுத்து விடவில்லை. மூன்றாம் நாள் உன் சர்க்கரை முந்நூறைத் தாண்டியது. பார்க்க வருகிறவர்களுக்கென்று உன் தங்கை மண்டைக்காட்டிலிருந்து கொண்டு வந்த மட்டிச் சீப்பில் ஒரு பழம் குறைந்திருந்தது.

"வயித்த வெட்டிப் போட்டிருக்கு, உனக்குப் பழம் கேக்குதா?"

"தொடல்ல மக்கா. அம்மையாண நான் தொடல்ல."

"பின்ன சர்க்கரை மானத்துல இருந்தா வந்து?"

சீப்பை உன் கண்முன்னாலேயே குப்பையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். தின்றதை நீயே ஒப்புக்கொண்டு ஆள் அனுப்பட்டும் என்று மறுநாளும் வரவில்லை. அதற்கடுத்த நாள், நெஞ்சில் சளி கட்டி நீ போய்விட்டாய்.

இன்று காலை எனக்கும் சர்க்கரை ஏறியிருந்தது. கஞ்சித் தண்ணீர் தவிர வாயில் எதுவும் படவில்லை என்று நர்ஸிடம் சண்டைக்குப் போனேன்.

"திங்காட்டாலும் ஏறும் தாத்தா. அறுத்த உடம்பு. வலியப் பொறுத்துக்கிட்டே கெடந்தா இன்னும் ஏறும். உண்மையச் சொல்லுங்க, பத்துக்கு எத்தனை?"

அன்று இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அந்தக் கோபம் டாக்டர்கள்மேல் இன்னும் இருக்கிறது. உன்மேலும்தான். ஏன்லே கத்தவில்லை? நான் சொன்ன எதைத்தான் நீ கேட்டிருக்கிறாய், இதை மட்டும் கேட்க?

நீ தொடவில்லை. இப்போது தெரிந்து யாருக்கு என்ன? "தொடல்ல மக்கா" என்ற அந்தக் குரல்தான் காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

எட்டு என்றேன். ஊசி போட்டாள். கால்மணி நேரத்தில் வலி இறங்கிவிட்டது. உனக்கு வேண்டியிருந்ததும் இந்தக் கால்மணி நேரம்தான்.

நெஞ்சில் சளி கட்டாமலிருக்க இருமச் சொன்னாள். இருமினேன். அவ்வளவாக வலிக்கவில்லை, மக்கா.