கட்டிலுக்கடியில் புது ஷூ

கோபக்காரிக்கு,

கிளம்பும்போது நீ கதவைத் திறக்கவில்லை. பரவாயில்லை, இதைக் கதவிடுக்கு வழியாகப் போட்டதாக நினைத்துப் படி.

கோர்ட்டில் தத்து உத்தரவு கிடைத்துவிட்டது. குட்டியின் பாஸ்போர்ட் வந்ததும் மூவரும் விமானம் ஏறவேண்டியதுதான். ஆனால் ஒரு விஷயம் என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. நாங்கள் வாங்கிக் கொடுத்த ஷூவை அவள் போடவே மாட்டேன் என்றாள்.

சிவப்பு பிடிக்கவில்லையோ என்று கடைக்குப் போய் நீலமாக மாற்றினோம். கடிக்கிறதோ என்று அப்பா உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். அதையும் துடைத்துக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு, பழைய செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடக்கிறாள்.

"பிடிவாதத்தப் பாரு, உன் பொண்ணேதான்" என்றார் அப்பா. எந்தப் பெண்ணைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

இன்று அவளைப் பார்க்க, அவள் இருந்த காப்பகத்து ஆயா வந்தார். மொழிபெயர்க்கும் பெண்ணை வைத்து ஷூ விஷயத்தைக் கேட்டேன். ஆயாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எங்க இடத்துல புதுசு எது வந்தாலும் மொதல்ல பெரிய பிள்ளைங்களுக்குத்தான். அவங்க போட்டுட்டுக் குடுத்தாதான் சின்னதுங்க போடும். நீங்கதான் போட்டோவக் காட்டி, அக்கா இருக்கான்னு சொல்லிட்டீங்களே."

ஷூ என் உள்ளங்கை அளவுதான். உன் கால் அதில் நுழையாது. அவளை உன் அறைக்குள் விடமாட்டேன் என்றாய், சரி. விமான நிலையத்துக்கு மட்டும் வா. இரண்டு விரலை நுழைத்துவிட்டு அவளிடம் திருப்பிக் கொடு.

அதுவரை போடமாட்டாளாம்.

இப்போதும்
உன் அம்மா