விலை பேசாமல் பிடுங்க வேண்டாம்

ராய்ப்பூர்

மாமாவுக்கு வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே நடந்த தொழில் மாநாட்டுக்கு எங்கள் வங்கி என்னையும் அனுப்பியது. விவசாய மாநிலத்தில் தொழிலை வளர்ப்பது எப்படி என்று பேச, மரவள்ளிக் கிழங்கு வாங்கி அரைக்கும் நம் ஊர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைக்காரர் ஒருவர் வந்திருந்தார். விவசாயியும் ஆலையும் ஒரே குடும்பம் என்றார். கைதட்டினார்கள். தேநீர் வேளையில் என் ஊர் சேந்தமங்கலம் என்றதும் நெருங்கி வந்தார்.

“வெவசாயிங்க பாவமுங்க. நாங்க வாங்கலீன்னா புடுங்குன கெழங்கு ரெண்டு நாள்ல அழுகிருமுங்க.”

“அது தெரிஞ்சுதானுங்க மொதல்ல புடுங்கச் சொல்லிப்போட்டு அப்பறமா வெலை சொல்றீங்க.”

“யாவாரம்னா அப்படித்தானுங்க அம்மிணி,” என்று சிரித்து இனிப்புத் தட்டை நீட்டினார். நான் எடுக்கவில்லை.

நம் குச்சிக்கிழங்கைப் பிடுங்க வெள்ளிக்கிழமை ஆள் அனுப்புவதாகப் புரோக்கர் சுப்பையன் சொன்னாராமே. விலையைச் சொல்லாமல் ஒரு செடியையும் அசைக்க விடாதீர்கள். போன வருடம் மரியாதை பார்த்துப் பேசாமல் இருந்தோம். ஆலை வாசலில் அவர்கள் சொன்ன விலைக்கே கொட்டிவிட்டு வந்தீர்கள்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. நீங்கள் போர்த்தும் பழைய போர்வையை அனுப்புங்கள். புதியது வேண்டாம்.

ஆபீஸ் வண்டி வந்துவிட்டது. கிழங்கு மண்ணுக்குள் இருக்கும்வரை கெடாது. அதுவரை அவர்கள்தான் நம் கிழங்குக் காட்டுக்கு வந்து நிற்க வேண்டும். நிற்கட்டும்.

வசந்தாமணி